மும்பைக்குச் செல்லுமுன்

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்ன ஊரில் இன்னாரைக் காண்பாய், அவர்கள் இன்ன உணவு படைப்பர் என்று சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது மலைபடுகடாம். நன்னனுடைய மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தர்க்கு வழியின் அழகை மட்டுமா பெருங்கௌசிகனார் கூறுகிறார்? புனங்காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் உங்கள்மேல் பட்டுவிடக் கூடும் என்கிறார். பன்றிக்கு வைத்த பொறி வழியில் கிடக்கும், ஆதலின் பொழுது புலர்ந்தபின் நடங்கள் என்கிறார். இன்று கடைகளில் விற்கும் பயண வழிகாட்டிகள் பலவற்றில் இந்த நேர்மையைக் காண முடிவதில்லை.

நண்பர்களே, 2025-ஆம் ஆண்டு தைப்பொங்கலையொட்டி நம் மன்றத்தார் பதினெண்மர் ஐந்து நாள் மும்பைக்குச் சென்று வந்தது உங்களுக்குத் தெரியும். மும்பையில் தமிழர் வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளைக் கண்டு வருவதே நோக்கம். புறப்படுமுன் அவ்வூர்களைப் பற்றிப் படித்து ஒரு குறிப்பேடு ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. காரணம், என் பெரியப்பா தாராவியில் வாழ்ந்து மறைந்தவர் என்பதே. கோயில் கொடைக்கு ஊர் வரும்போது நான்கைந்து முறை அவரைக் கண்டதுதான் எனக்கிருந்த தகுதி! அடுத்த முறை செல்லவிருக்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்று, அக்குறிப்பேட்டில் நான் எழுதியவற்றையும் எழுதத் தவறியதையும் இங்குக் கூறுகிறேன்.

முதலில், எங்களுக்கு முன்பே தெரிந்தவை எவை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். எல்லாம் திரைப்படத்திலிருந்து வந்தவை. 1987-இல் வந்த நாயகன், 2008-இல் வந்த ஸ்லம்டாக் மில்லியனர், 2018-இல் வந்த காலா. இவற்றுள் தமிழ்ப்படங்கள் இரண்டிலும் நாம் கண்ட தாராவியின் பெரும்பகுதி சென்னையில் போட்ட அரங்கு என்று பின்னர் அறிந்தேன். சென்னைக்கு அருகிலேயே தாராவியைப் பார்த்துவிட்டு, மும்பையை அறிந்துவிட்டதாக எண்ணியிருந்தோம்!

அடுத்தது பெயர். நூல்நிலையத்தில் மும்பை என்று தேடினால் கிடைப்பவை சில. பம்பாய் என்று தேடினால் கிடைப்பவை பல. 1995-இல்தான் அந்நகரம் ஆட்சிமுறையில் மும்பை எனப் பெயர் பெற்றது. அதற்கு முன் அச்சான நூல்களெல்லாம் பழைய பெயரில் இருக்கின்றன. விக்டோரியா டெர்மினஸ் என்று பெரியோர் கூறும் நிலையம் 1996-இல் சத்திரபதி சிவாஜி பெயரையும், 2017-இல் 'மகாராஜ்' என்னும் சொல்லையும் பெற்றது. மாதுங்கா என்பது மத்திய இரயில் பாதையில் உள்ள நிலையம். மாதுங்கா ரோடு என்பது மேற்கு இரயில் பாதையில் உள்ள வேறு நிலையம். இதைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். இருந்தும் எங்களுள் இருவர் மாதுங்கா ரோட்டில் இறங்கிவிட்டு, நாங்கள் ஏன் வரவில்லை என்று எங்கள்மேலேயே சினந்தனர். மாதுங்கா நிலையத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 2017-இல் இருந்து அங்கே நிலைய மேலாளர் முதலாகப் பணியாளர் எல்லோரும் பெண்கள். இந்தியாவிலேயே இவ்வாறு அமைந்த முதல் நிலையம் அதுவே.

இனி எண்கள். 'ஆசியாவிலேயே மிகப் பெரிய சேரி' என்னும் தொடர் தாராவியைப் பற்றிய கட்டுரைகளில் எல்லாம் தவறாமல் வருகிறது. அதை அளந்து பார்த்தவர் யார் என்று தேடினேன். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதியிருக்கிறார். பரப்பு ஏறத்தாழ இரண்டேகால் சதுரக் கிலோமீட்டர். மக்கள்தொகையோ, மூன்று லட்சம் என்பார் சிலர், பத்து லட்சம் என்பார் சிலர். எவ்வளவு வேறுபாடு பாருங்கள்! முதல் எண்ணைக் கொண்டால் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். இரண்டாவதைக் கொண்டால் நாலேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோர். எண்ணியவர்கள் பொய் சொல்லவில்லை. வாடகைக்கு இருப்போரைச் சேர்ப்பதா, தைக்கும் கூடத்திலேயே வேலை முடிந்து உறங்கும் தொழிலாளரைச் சேர்ப்பதா, ஏணி வைத்து ஏறும் மாடிக்குடியைத் தனி வீடாகக் கொள்வதா என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. யாரை எண்ணுவது என்பது கணக்கு வினா மட்டும் அன்று என்பதை நான் அங்குப் போனபின் தெரிந்துகொண்டேன்.

நாம் நினைப்பதுபோல் தாராவி தொடக்கத்தில் சேரியும் அன்று. அது மாகிம் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் ஊர். 1909-இல் வெளிவந்த பம்பாய் நகர அரசு விவரச்சுவடி, தாராவியைப் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகக் குறிக்கிறது. கோலி என்பார் அந்நகரின் பழைய மீனவக் குடியினர். நகரம் தெற்கே வளர வளர, அது தன் அருகில் வேண்டாம் என்று ஒதுக்கிய தொழில்கள் வடக்கே இவ்வூர்ப் பக்கம் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று தோல் பதனிடுதல். சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை வைத்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்களும் ஆதிதிராவிடரும் தோல் தொழிலில் இறங்கினர். 1871-இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இராய்ச்சூரில் ஒன்று சேர்ந்ததனால், மழை பொய்த்த ஊரிலிருந்து புறப்படுவோர்க்கு அவ்வளவு தொலைவு ஒரு தடையாக இல்லை. தாராவியிலுள்ள பழைய மசூதி 1887-இல் தோன்றியது. பழைய பிள்ளையார் கோயில் 1913-இல் எழுந்தது. பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் தங்கிவிட முடிவு செய்ததை இந்த இரண்டு ஆண்டுகள் காட்டுகின்றன எனலாம். ஒருவன் ஓரூரில் கோயில் கட்டிவிட்டால் பெட்டியை அவிழ்த்துவிட்டான் என்றுதானே பொருள்?

மாதுங்காவுக்குத் தமிழர் வந்த வழி வேறு. 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமான தெருக்களே நோய்க்குக் காரணம் என்று கருதி, 1898-இல் நகர மேம்பாட்டுக்கென ஒரு டிரஸ்ட் அமைத்தனர். தாதர், மாதுங்காப் பகுதிகளில் அகன்ற சாலைகளும் பூங்காக்களும் வகுத்துக் குடியிருப்புகள் எழுந்தது அதன் பின்னரே. ஆங்கிலமும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் அறிந்த தென்னாட்டு எழுத்தர்கள் அங்குக் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபை 1963-இல் பேரரங்கு கட்டியது. அது 1990-இல் தீக்கு இரையாகிப் பின்னர் மீண்டும் எழுந்தது. மாதுங்காவில் புகழ்பெற்ற இட்டலிக் கடைகளைத் தமிழர் கடைகள் என்று நான் முதலில் எழுதிவிட்டேன், அது பிழை. அவற்றில் பல உடுப்பிக் கன்னடத்தார் நடத்துபவை. மும்பைத் தெருக்களில் மிதிவண்டியின் பின்னே பாத்திரம் கட்டி, ரப்பர் ஊதலை அமுக்கிக்கொண்டு இட்டலி விற்று வருகிறார்களே, அவர்களில் பலர்தாம் தாராவித் தமிழர். விடியுமுன் தாராவியில் வெந்த இட்டலி காலையில் நகரெங்கும் போகிறது.

செம்பூரின் கதை இன்னும் பிற்பட்டது. 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தோன்றியது. அதே காலத்தில் பக்கத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. பொறியியலும் விஞ்ஞானமும் கற்ற தமிழர் அவ்வேலைகளை நாடிச் சென்று செம்பூரில் வீடு அமைத்தனர். சேடா நகரில் மேட்டின்மேல் இருக்கும் முருகனைத் திருச்செம்பூர் முருகன் என்கிறார்கள். திருச்செந்தூரை நினைத்து ஈரெழுத்தில் ஊரை அருகே இழுத்துக்கொண்ட அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

பருவத்தைப் பற்றி ஒரு சொல். சூன் முதல் செப்டம்பர் முடியச் செல்லாதீர்கள். 2005 சூலை 26-இல் மும்பையின் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு கரை மீறியது. இந்த எண்ணையும் குறிப்பேட்டில் 'தட்பவெப்பம்' என்னும் தலைப்பின்கீழ் எழுதி வைத்தேன்.

நூல்கள் முடிந்தபின் மனிதர்களைக் கேட்டேன். மாதுங்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் முதியவர் ஒருவர், எங்கள் பேராசிரியருக்குத் தெரிந்தவர், தொலைபேசியில் மிக அன்பாகப் பேசினார். சபையின் கச்சேரிகளைப் பற்றியும், 1966-இல் சிவசேனை தோன்றியபின் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் உணவு விடுதிகள் தாக்கப்பட்ட நாட்களைப் பற்றியும் அவர் கூறியவை எந்த நூலிலும் எனக்குக் கிடைக்காதவை. தாராவி என்றதும் அவர் குரல் மாறிற்று. "அங்க என்னப்பா இருக்கு பார்க்கறதுக்கு? பசங்களையெல்லாம் அழைச்சுண்டு அங்க போகாதீங்கோ" என்றார். தாராவியில் இருக்கும் என் பெரியம்மையைக் கேட்டேன். சண்முகானந்த அரங்கு எப்படியிருக்கும் என்றதற்கு, "அது எங்க இருக்குன்னு தெரியாதுய்யா" என்றார். நிலப்படத்தில் பார்த்தால் இரண்டுக்கும் இடையே உள்ளது ஓர் இரயில் பாதை. பாதைக்குக் கிழக்கே மாதுங்கா, மேற்கே தாராவி. ஊரிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் போயும் நம்மவர் ஊரின் தெரு அமைப்பைக் கூடவே எடுத்துச் சென்றிருக்கின்றனர்! இருவரும் பொய்யரல்லர், ஒருவர் சொல்லை மட்டும் கேட்டிருந்தால் நான்தான் பொய்யான குறிப்பேடு எழுதியிருப்பேன்.

பெரியம்மையின் முகவரியை, ஊரில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த பெரியப்பாவின் பழைய உள்நாட்டுக் கடிதம் ஒன்றிலிருந்து எடுத்தேன். கட்டில் இருந்த மற்றக் கடிதங்களைப் பிரிக்காமலே திரும்ப வைத்துவிட்டேன்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 'பிற செய்திகள்' என்று ஒரு பகுதி. அதில் தாராவி மறுசீரமைப்பைப் பற்றி நான்கு வரி இருந்தது. 2004 முதல் பேசப்பட்டுவந்த திட்டம். 2022 நவம்பரில் அதானி நிறுவனம் 5,069 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தப்புள்ளி வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம், பின்வந்தோர்க்கும் மாடிக்குடியினர்க்கும் நகரின் வேறு பகுதிகளில். எல்லாம் சரியான செய்திகள்தாம். ஆனால் நான் அவற்றைத் தேர்வுக்குப் படிப்பவன்போல் எழுதி வைத்தேனே ஒழிய, நாங்கள் போகும் நாளில் அந்தக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும் என்று ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை.

விளைவு என்ன? பொங்கலுக்கு முதல்நாள் காலையில் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து ஒரு சந்தில் நுழைந்தோம். இருவர் கைநீட்டினால் இரு சுவரும் தொடும் சந்து. மேலே மின்கம்பிகள், கீழே கல் மூடிய சாக்கடை. தையல் பொறியின் ஓசை ஒரு பக்கம், முறுக்கு வேகும் மணம் ஒரு பக்கம். கதவுகளில் பெயிண்ட்டால் எண்கள் எழுதியிருந்தன. பதினெட்டுப் பேர் கையிலும் நான் அச்சிட்டுக் கொடுத்த வினாத்தாள். முதல் வினா, 'இங்கு எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறீர்கள்?' இரண்டாவது, 'வீடு சொந்தமா, வாடகையா?' மூன்றாவது, 'மாடியில் வாழ்வோர் யார்?'

முதல் வீட்டில் பதில் இல்லை. இரண்டாவது வீட்டில் ஓர் இளைஞர், "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். நாங்கள் மாணவர்கள் என்றோம். அடையாள அட்டையைக் காட்டினோம். அவர் அதையும் படித்துவிட்டு, மூன்று வினாக்களையும் படித்துவிட்டு, தாளைத் திரும்பத் தந்தார். அதன்பின் எங்களுக்கு முன்னாலேயே செய்தி சந்தில் ஓடிவிட்டது. நாங்கள் அணுகுமுன் கதவுகள் சாத்தப்பட்டன. எங்களுள் ஒருவர் கைப்பேசியை உயர்த்தி ஒரு வீட்டைப் படம் எடுத்தார். உள்ளேயிருந்து ஓர் அம்மையார் வெளியே வந்து, ஒன்றும் பேசாமல், வாயிலில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தக் காட்சியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தாராவியை வெளிநாட்டினர்க்குச் சுற்றிக்காட்டும் குழுவினர்கூடப் படம் எடுக்கலாகாது என்று விதி வைத்திருக்கின்றனர். அதைப் படித்திருந்தும், நாம் தமிழரல்லவா, நம்மவரிடம் போகிறோமல்லவா என்று நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பெரியம்மை வீட்டை அடைந்தபோது செய்தி அவரையும் எட்டியிருந்தது. எங்கள் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "எங்களப் பாக்க வந்தியளா, வீட்ட அளக்க வந்தியளா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கோ தலை நிமிரவில்லை. எல்லோருடைய தாள்களையும் வாங்கி, தம் தையல் பொறியின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "பொங்கல் முடியட்டும், பெறவு வாங்கிக்கிடுங்க" என்றார்.

மறுநாள் தெருவில் அடுப்புக் கூட்டிப் பெண்கள் வரிசையாகப் பொங்கலிட்டனர். எங்கள் மாணவியர் வெல்லம் தட்டிக் கொடுத்தனர். நாங்கள் தண்ணீர் சுமந்தோம். வினா எதுவும் கேட்கவில்லை. தோல் கிடங்கில் முதல் கூலி வாங்கிய நாள், மில் வேலைநிறுத்தத்தில் வேலை இழந்த அண்டை வீட்டார், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் என்று அவர்களே சொல்லத் தொடங்கினர். நாங்கள் திரும்பக் கொண்டுவந்த செய்திகளில் அச்சிடத் தகுந்தவை எல்லாம் அந்த ஒரு நாளில் கிடைத்தவையே.

அன்று மாலை, பெரியம்மை ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காட்டினார். வாக்காளர் அட்டை 2006-இல் வாங்கியது. மின்கட்டணச் சீட்டுகள் 2007 முதல். அதற்கு முந்தியவை? "அந்த சூலை மழையில இடுப்பளவு தண்ணி. டிரங்குப் பெட்டி மொதந்துச்சு. கடுதாசி எல்லாம் கூழாப் போச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. குறிப்பேட்டின் பதினொன்றாம் பக்கத்தில் தட்பவெப்பத்தின்கீழ் 944 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் 2000 சனவரி 1 என்று எழுதியிருந்தேன். இரண்டும் ஒரே வீட்டுக்குள் நிற்பதை அப்போதுதான் கண்டேன். 1978-இல் கணவரோடு வந்து அந்த அறையில் குடியேறியவர் அவர். அதைக் காட்டும் தாள்தான் அவரிடம் இல்லை. மாடியில் அவர் மகன் குடும்பம். மருமகளும் இரு பேரப்பிள்ளைகளும். அவர்களுக்கு எங்கே வீடு தருவார்கள் என்ற பேச்சு வந்தபோது அவர் உலைமூடியைத் திறந்து பார்த்தார். உலை அப்போது கொதிக்கவில்லை.

"ஊர்ல உங்க பெரியப்பா கடுதாசி எதுவும் கெடக்காய்யா?" என்று கேட்டார். கிடக்கிறது என்றேன். பிரிக்காமல் வைத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆதலின், அடுத்த முறை செல்லும் நண்பர்களே, என் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையங்களின் பெயர்கள் சரியாக இருக்கின்றன, ஆண்டுகளும் சரி. ஆனால் முதல் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு அங்குள்ள ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, இந்த மாதம் உங்கள் தெருவில் என்ன பேச்சு என்று கேட்டு, அதை அப்பக்கத்தில் எழுதுங்கள். வினாத்தாளை அதன்பின் எழுதலாம். மாதுங்கா முதியவரையும் காணாமல் வராதீர்கள். எங்களுக்கு அவர் வீட்டில் காலைச் சிற்றுண்டி அளித்தார், நாங்கள் தாராவியில் பொங்கலிட்டதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னை ஒரு நாள் அழைச்சுண்டு போவாளா?" என்று வினவினார். பெரியம்மையின் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் அழைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் தகரப்பெட்டியைத் திறந்தேன். கடிதக் கட்டின் அடியில், ஊர் நிலத்தைப் பதிவு செய்தபோது முகவரிக்காகப் பெரியப்பா அனுப்பியிருந்த குடும்ப அட்டைப் படி ஒன்றும், 1998-ஆம் ஆண்டு மின்கட்டணச் சீட்டு ஒன்றும் இருந்தன. மடித்த இடத்தில் எழுத்துச் சற்று மங்கியிருந்தாலும் வீட்டு எண் தெளிவாகத் தெரிந்தது. இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை விரைவு அஞ்சலில் அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று பெரியம்மை அழைத்துச் சொன்னார். கணக்கெடுப்போர் தம் சந்துக்கு மறுபடி வரும் நாள் இன்னும் சொல்லவில்லையாம். அதுவரை அவ்வுறையை அரிசிப் பானைக்கு மேலே, பரணில் வைத்திருக்கிறாராம்.